யானை, சாமியார், சேரி... இப்போது இட்லி

வீடியோ கேம்களில் இந்தியா முப்பது ஆண்டுகளாகப் பிறர் வரைந்த படமாகவே இருந்தது. அந்தப் படத்தை வரையும் வேலையை இந்தியர்கள் இப்போது தங்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பணம் வேறு பக்கம் ஓடுகிறது.

கனடாவில் ஒரு சின்ன அடுக்களை. ஆண்டு 1988. வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. இருந்தாலும் வேலைக்குக் கிளம்பும் கணவன் பாவலனுக்கு இட்லி செய்து கொடுத்தனுப்ப நினைக்கிறாள். அம்மாவின் சமையல் நோட்டு கையில் இருக்கிறது. ஆனால் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் கலைந்தும் பல வரிகளைக் காணோம். எதற்குப் பின் எது, தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதையெல்லாம் விளையாடுபவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் உயிர் போகாது. இட்லி வேகாது, அவ்வளவுதான். மறுபடி மாவு ஊற்ற வேண்டும்.

'வெண்பா' என்ற இந்த வீடியோ கேம் 2023 ஜூலை 31 அன்று வெளியானது. தயாரித்தது டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ஆனாலும் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் இட்லிப் பானையும் ரேடியோப் பாட்டும் உலகத்தின் வரவேற்பறைத் திரைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதில் ஆச்சரியப்பட ஒரு காரணம் உண்டு. உலகில் மிக அதிகமாகக் கைபேசி கேம்கள் பதிவிறக்கப்படும் நாடு இந்தியா. ஆனால் இந்தியர்களின் வீடு, சாப்பாடு, சண்டை, சாமி எதுவும் உள்ளபடியே அந்தத் திரையில் வந்தது அபூர்வம். பல ஆண்டுகள் இந்தியா என்றால் ஒரு யானை, ஒரு சாமியார், ஒரு சேரி. இந்தப் படம் மாறுமா என்பதுதான் இந்தியாவில் வீடியோ கேம் உருவாக்கும் இளைஞர்கள் முன்னால் இருக்கும் கேள்வி. பதில் அவர்களுடைய திறமையை மட்டும் பொறுத்ததாக இல்லை.

நெருப்பு உமிழ்ந்த யோகி

முதல் படத்தை வரைந்தவர்கள் ஜப்பானியர்கள். கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' 1991-ல் வெளியானது. பல நாட்டுச் சண்டை வீரர்களில் இந்தியாவின் பிரதிநிதி தால்சிம். மெலிந்த உடம்பு, கழுத்தில் மூன்று மண்டை ஓடுகள், ரப்பர் போல நீளும் கை கால்கள். யோகாவின் பலத்தால் வாயிலிருந்து நெருப்பு உமிழ்வார். அவர் சண்டையிடும் மண்டபத்தில் இரு புறமும் யானைகள் நின்று பிளிறும். தொண்ணூறுகளில் இந்திய நகரங்களின் வீடியோ கேம் பார்லர்களில் நாணயம் போட்டு விளையாடிய பையன்கள் தால்சிமைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவரையே தேர்ந்தெடுத்து ஆடவும் செய்தார்கள். தூரத்தில் நின்றபடியே எதிரியை உதைக்க முடியும் என்பது பெரிய வசதி.

அப்போது வீடுகளில் இருந்தது டி.வி. கேம். கேசட்டைச் செருகினால் மரியோ ஓடுவார், கான்ட்ராவில் இருவர் சேர்ந்து சுடலாம். ஜப்பானிய, அமெரிக்கக் கேம்களின் நகல்களே அதிகம். ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாகச் சொல்லும் கேசட்டில் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் இந்தியாவைத் தேடினாலும் கிடைக்காது.

புத்தாயிரத்துக்குப் பிறகு மேற்கு நாட்டு நிறுவனங்கள் இந்தியாவைப் பின்னணியாக்க ஆரம்பித்தன. 2011-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3' கதையில் ரஷ்யப் படை இமாசலப் பிரதேசத்தில் வந்து இறங்கியது. 2016-ல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் கிரானிக்கிள்ஸ்: இந்தியா' 1841-ஆம் ஆண்டின் சீக்கிய சாம்ராஜ்யத்தையும் கோகினூர் வைரத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டிலும் ஊர் ஒரு திரைச்சீலை. நாயகன் அதன் முன்னால் ஓடிக் கடந்துபோவான்.

ஊரோடு உண்மையாகவே மல்லுக்கட்டிய படைப்புகள் என்று இரண்டைச் சொல்லலாம். இரண்டுமே இன்றும் விளையாடத் தகுந்தவை.

முதலாவது, நாட்டி டாக் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி'. இந்தியத் தந்தைக்குப் பிறந்த கிளோயி ஃபிரேசர், பிள்ளையாரின் முறிந்த தந்தத்தைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறாள். ஜீப்பில் சேற்றையும் அருவியையும் கடந்து ஹொய்சாள நகரத்தின் இடிபாடுகளுக்குள் நுழைகிறாள். பரசுராமரின் கோடரி பட்டுத் தந்தம் உடைந்த கதையை அவள் தோழி நதீனிடம் சொல்லிக்கொண்டே போவது சுகமான பகுதி. மழைக்காட்டின் பச்சையும் ஈரமும் கண்ணில் ஒட்டுகின்றன. இடிபாடுகளில் சிக்கிய யானையை விடுவித்து அதன் மேல் ஏறிச் செல்லும் காட்சி குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஆனால் ஹளேபீடு போய் வந்தவர்களுக்கு இடறும். நிஜமான ஹொய்சாளேசுவரர் கோயிலில் வானளாவிய சிலைகள் இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் அந்தக் கோயில் நட்சத்திர வடிவ மேடைமேல் தாழ்வாக அமர்ந்திருக்கிறது. மாக்கல்லில் விரல் நுனி அளவுக்கு நகைகளைக்கூடச் செதுக்கிய நுணுக்கம்தான் அதன் பெருமை. 2023-ல் யுனெஸ்கோ பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் கோயில்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றதும் அதற்காகத்தான். வீடியோ கேமிலோ மலையைக் குடைந்த பிரம்மாண்டம். குதித்துத் தாண்ட உயரம் வேண்டுமே.

இரண்டாவது, டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் 2018-ல் வெளியிட்ட 'ஹிட்மேன் 2'. அதில் மும்பை ஒரு முழு அத்தியாயம். மொட்டைத்தலைக் கொலையாளி ஏஜென்ட் 47 மூன்று பேரைத் தீர்த்துக்கட்ட வேண்டும். ஒருவர் சினிமா ஆசை பிடித்த கோடீசுவரர் டாவூத் ரங்கன். இன்னொருவர் சேரியைக் கட்டியாளும் வான்யா ஷா. மூன்றாமவர் முகம் யாருக்கும் தெரியாத தாதா. முடி வெட்டுபவராக, தையல்காரராக, ஓவியராக எத்தனையோ வேஷங்கள். ஆள் நுழைய முடியாத சந்து, மாடியில் காயும் துணி, கூட்டத்துக்கு நடுவே ஷூட்டிங் என்று வரைபடம் விரிகிறது. கூட்டத்தில் கரைந்து மறையலாம் என்ற மும்பையின் குணத்தை இந்த அளவு விளையாட்டாக மாற்றிய படைப்பு வேறில்லை எனலாம். ஆனால் அந்த மும்பையில் மூன்றே வகை மனிதர்கள்: சேரிக்காரர், சினிமாக்காரர், தாதா. காலை எட்டரை மணி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் குமாஸ்தா அங்கே இல்லை. தெருவில் எல்லோரும் பேசுவது ஆங்கிலம்.

கை இங்கே, பெயர் அங்கே

இந்தப் பெரிய கேம்களில் பலவற்றை வரைந்து கொடுத்தவர்கள் இந்தியர்களே என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. 1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனம் இதில் முன்னோடி. வெளிநாட்டுக் கேம்களுக்குக் கார்களையும் கட்டடங்களையும் இங்கே வரைந்து அனுப்புவார்கள். 2019-ல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' புகழ் ராக்ஸ்டார் நிறுவனம் துருவாவை வாங்கித் தன் பெங்களூர்க் கிளையோடு சேர்த்துக்கொண்டது. பிரான்சின் யூபிசாஃப்ட் 2008 முதல் புனேயிலும் 2018 முதல் மும்பையிலும் ஸ்டூடியோ நடத்திவந்தது. ஐதராபாத், குர்கான் நகரங்களிலும் இந்த வேலை நடக்கிறது.

வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, பயிற்சியும் கிடைத்தது. ஆனால் கதை முடிவு செய்யப்படும் அறை வேறு நாட்டில் இருந்தது. ஒரு டயரின் வரிகளை மாதக்கணக்கில் வரைந்தவருக்கு அந்தக் கார் எந்தத் தெருவில் ஓடப்போகிறது என்று தெரியாது.

ஒரே ஒரு முறை பெரிய கதவு திறந்தது. 2020 செப்டம்பரில் யூபிசாஃப்ட் தனது புகழ்பெற்ற 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமைப் புதுப்பிக்கும் பொறுப்பைப் புனே, மும்பை ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்திருப்பதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய பெயர் இந்தியக் கைகளுக்கு வந்தது பெரிய செய்தி. ஆனால் முன்னோட்டப் படம் வெளியானதும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சித்திரங்கள் பழசாகத் தெரிகின்றன என்றார்கள். வெளியீடு தள்ளித் தள்ளிப் போய், 2022 மே மாதம் வேலை கனடாவின் மான்ட்ரியல் ஸ்டூடியோவுக்கு மாற்றப்பட்டது. கார் வரைவது ஒன்று, ஒரு கேமை ஆதியோடந்தமாக நடத்திக்கொண்டுபோவது மற்றொன்று. இரண்டாவது பழக்கம் செய்து செய்துதான் வரும். செய்யும் வாய்ப்பு அபூர்வம்.

அனுமனிலிருந்து ராஜி வரை

சொந்தமாகச் செய்து பார்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் தயாரித்து, சோனி வெளியிட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-ல் வந்தது. பிளேஸ்டேஷன் 2-க்காக முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கேம் என்ற பெயர் அதற்கு. சிறுவன் அனுமன் கதையை வைத்துத் தாவுவது, அடிப்பது. ஆட்டம் சாதாரணம், விமர்சனங்கள் காட்டம். போதாததற்கு எதிர்ப்பும் கிளம்பியது. கடவுளை ஒருவர் ரிமோட் பிடித்து ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் உள்ள இந்து அமைப்பினர் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து சாமர்த்தியமான ஒரு விடை கிடைத்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும், அக்டோபரில் மற்ற இயந்திரங்களிலும் வெளியானது. இதில் விளையாடுபவர் கடவுள் அல்ல. ராஜி ஒரு சர்க்கஸ் சிறுமி. அரக்கர்கள் அவள் தம்பி கோலுவைத் தூக்கிப்போகிறார்கள். துர்க்கை அவள் கையில் திரிசூலத்தைக் கொடுக்கிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவள் படும் பாட்டைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். சண்டை போடுவது மனுஷி, சாட்சி சொல்வது தெய்வம்.

ராஜியின் சர்க்கஸ் உடம்பு இந்த ஆட்டத்தின் உயிர். சுவரில் ஓடுகிறாள், தூணைப் பிடித்துச் சுழன்று எதிரியின் தலைமேல் இறங்குகிறாள். ராஜஸ்தான் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்களும் முற்றங்களும் தாமரைக் குளங்களும் ஒவ்வொரு காட்சியிலும் வருகின்றன. சுவர் ஓவியத்தின் முன் நின்றால் மகிஷாசுரன் கதை விரிகிறது. கதையின் திருப்பங்களைத் தோல்பாவை நிழலாட்டமாகக் காட்டுகிறார்கள். இது பணச் சிக்கனத்தால் வந்த யோசனையாக இருந்தாலும் மிக அழகான யோசனை. குறைகளும் உண்டு. பாதிக்கு மேல் ஒரே மாதிரியான அரக்கர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். வெளியானபோது குரல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கதை சூடு பிடிக்கும் நேரத்தில் சட்டென்று முடிந்து, அடுத்த பாகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. ஐந்து மணி நேர ஆட்டத்துக்கு இது ஏமாற்றம்தான்.

அந்த ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே பணத்தின் கதையும் இருக்கிறது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்ட அந்தக் குழு முயன்று பார்த்தது. இலக்கு எட்டவில்லை. ஆனாலும் தொடர்ந்தார்கள். 2020-ல் அமெரிக்காவின் 'தி கேம் அவார்ட்ஸ்' விருதில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான இறுதிப் பட்டியலில் ராஜியின் பெயர் வந்தது. விருது வேறொருவருக்குப் போனது. ஆனால் புனேயில் எழுதிய கதை ஒன்றுக்கு உலகத்தின் பொது மேடையில் இடம் கிடைத்துவிட்டது.

விரல்நுனி ராஜ்யம்

ராஜியை விளையாடிய இந்தியர்களைவிட அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே அதிகமாக இருப்பார்கள். காரணம் எளிது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை ரூ. 49,990. அதற்கான புதிய கேம் ஒன்றின் விலை ரூ. 4,999 வரை போனது. நடுத்தரக் குடும்பத்தில் அது ஒரு மாத மளிகைச் செலவு.

கைபேசி அப்படியல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் கட்டணத்தைத் தரைமட்டமாக்கியது. 2018-ல் 'பப்ஜி மொபைல்' வந்தது. கன்சோல் வாங்க வழியில்லாத ஒரு தலைமுறை ஒரே தாவலில் கைபேசிக்குப் போனது. 2019 ஜனவரியில் மாணவர்களோடு பிரதமர் நரேந்திர மோடி நடத்திய நிகழ்ச்சியில், மகன் எப்போதும் ஆன்லைன் விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறான் என்று ஒரு தாய் குறைப்பட்டுக்கொண்டார். பையன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. 2024 ஏப்ரலில் அதே பிரதமர் புகழ்பெற்ற இளம் கேமர்கள் சிலரை அழைத்து அவர்களோடு உட்கார்ந்து விளையாடியும் பார்த்தார். ஐந்து ஆண்டுகளில் வீட்டுப் புகார் நாட்டுத் தொழிலாகிவிட்டது.

இடையில் எல்லைப் பிரச்சினை புகுந்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. இரண்டே நாளில் நடிகர் அக்ஷய் குமார் 'ஃபவுஜி' என்ற சுதேசி கேமை அறிவித்தார். 2021 குடியரசு தினத்தன்று அது வெளியானது. தேசபக்தியோடு தரவிறக்கம் செய்தவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். துப்பாக்கிக்குப் புகழ்பெற்ற பப்ஜிக்கு மாற்று என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதலில் கிடைத்தது கைகலப்பு. பப்ஜியின் உரிமையாளரான தென்கொரிய கிராஃப்டான், 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப் பெயரோடு திரும்பியது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. இத்தனை குளறுபடிக்குப் பிறகும் ரசிகர்கள் காத்திருந்தார்கள் என்பதே அதன் பலம்.

சுதேசிகளில் நின்றவை எளிமையான ஆட்டங்கள். நவி மும்பையின் கேமேஷன் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'லூடோ கிங்' 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு உருண்டது. டெல்லியில் பேரனும் கோயம்புத்தூரில் பாட்டியும் ஒரே பலகையில் காய் நகர்த்தினார்கள். கிரிக்கெட்டில் அமெரிக்க ஈ.ஏ. நிறுவனம் 2006-ல் 'கிரிக்கெட் 07' வெளியிட்டதோடு கடையை மூடிக்கொண்டது. அந்தப் பழைய கேமுக்கு ரசிகர்களே புதிய வீரர்களையும் சட்டைகளையும் தைத்துப் போட்டுப் பல ஆண்டுகள் ஆடினார்கள். அந்த ஏக்கத்தைக் கைபேசியில் தீர்த்து வைத்தது சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா. அதன் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசையில் 2015-ல் இரண்டாம் பாகமும் 2020-ல் மூன்றாம் பாகமும் வந்தன. மட்டை வீச்சின் நேரம் தப்பினால் கேட்ச் என்ற நியாயம் அதில் உண்டு. தோற்றவர் மறுபடி ஆடுவது அதனால்தான்.

துப்பாக்கிச் சண்டையிலும் சுதேசி வண்ணம் பூசப் பார்த்தது புனேயின் சூப்பர்கேமிங். 2024 அக்டோபரில் வெளியான அதன் 'இண்டஸ்', சிந்து சமவெளி நாகரிகம் அழியாமல் வளர்ந்து விண்வெளி வரை போயிருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. விர்லோக் என்ற தீவில் வீரர்கள் இறங்குகிறார்கள். கட்டடங்களில் பழைய இந்தியச் சாயல், அவற்றுக்கு மேலே எதிர்கால ஊர்திகள். பார்க்க நன்றாக இருக்கிறது. விளையாடும்போதோ விரல்கள் அதே பழைய வேலையைத்தான் செய்கின்றன: இறங்கு, துப்பாக்கியைத் தேடு, சுருங்கும் வட்டத்துக்குள் ஓடு. காஸ்மியம் என்ற அரிய பொருளைக் கைப்பற்றிக் காத்தாலும் வெல்லலாம் என்ற விதி மட்டும் கொஞ்சம் புதுசு. சட்டை இந்தியச் சட்டை, உடம்பு பப்ஜியின் உடம்பு.

காசு வைத்த ஆட்டம்

இதற்கெல்லாம் பக்கத்து மேசையில் வேறொரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரம்மி, போக்கர், கற்பனை கிரிக்கெட் அணி. இந்தியாவில் கேம் தொழில் என்று முதலீட்டாளர்கள் பேசியபோதெல்லாம் அவர்கள் மனதில் இருந்தது பெரும்பாலும் இதுதான். ராஜி போன்ற ஒன்றைச் செய்ய வருஷக்கணக்கில் ஆகும், விற்குமா என்பது சந்தேகம். ரம்மிச் செயலி அன்றன்றைக்கே பணம் கொண்டுவந்தது. ஒரு ரம்மிச் செயலியின் விளம்பரச் செலவில் எத்தனையோ ராஜிகளை எடுத்திருக்கலாம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருந்தன. கடன், நகை அடகு, தற்கொலைச் செய்திகள். தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-ல் தடைக்குப் பரிந்துரைத்தது. மாநில அரசு சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற மாநில விதிமுறையை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு 2023 அக்டோபர் முதல் கட்டிய பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதித்துப் பார்த்தது. ஆட்டம் நிற்கவில்லை.

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு ரூ. 20,000 கோடிக்கு மேல் இழந்திருக்கிறார்கள் என்பது அரசு சொன்ன மதிப்பீடு. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து நடத்தும் ஆன்லைன் ஆட்டம் எதற்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 பெயர் மறைந்தது. பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அதே சட்டம் மறு கையால் ஒன்றைக் கொடுத்தது. போட்டி விளையாட்டான இ-ஸ்போர்ட்சுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பணம் புழங்காத பொழுதுபோக்கு, கல்விக் கேம்களை ஊக்குவிக்கவும் சட்டம் வழி சொன்னது. ரம்மிக்கும் ராஜிக்கும் சட்டத்தின் கண்ணில் முதல் முறையாக வேறு வேறு பெயர். அரக்கர்களோடு மோதும் சிறுமியின் கதையை எழுதுபவர், தன் மாமாவிடம் தான் சூதாட்டத் தொழிலில் இல்லை என்று விளக்க வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைந்தது.

ஆனால் மேசையிலிருந்து எழுந்த பணம் கதை சொல்பவர்களின் பக்கத்தில் வந்து உட்காரும் என்று எதிர்பார்ப்பது பேராசை. வேகமான லாபத்துக்குப் பழகிய முதலீடு, மூன்று ஆண்டு காத்திருந்து ஐந்து மணி நேரக் கதைக்குச் செலவிடத் தயங்கும். இலவசமாக விளையாடிப் பழகிய கைபேசித் தலைமுறையும் அப்படித்தான். கேமுக்குக் காசு கொடுப்பதா என்று அது கேட்கிறது.

சிறிய வாசல்கள் சில திறக்கின்றன. சோனி 2023-ல் 'இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்' என்ற திட்டத்தை அறிவித்து, இந்தியச் சிறு குழுக்களைத் தேர்ந்தெடுத்து நிதியும் பயிற்சியும் கொடுத்தது. தேர்வானவற்றில் 'ஃபிஷ்பௌல்' துக்கத்தோடு தனி வீட்டில் நாள் கடத்தும் இளம்பெண்ணின் கதை. 'முக்தி' ஒரு அருங்காட்சியகத்துக்குள் நடந்தபடியே மனிதக் கடத்தலைப் பற்றிப் பேசுகிறது. இரண்டிலும் யானை இல்லை, சாமியாரும் இல்லை.

வெண்பா கனடாவிலிருந்து வந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இட்லியைத் திரையில் வேக வைக்க ஒரு தமிழ்க் குடும்பம் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. புலம்பெயர்ந்தவரின் ஏக்கம் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. ஆனால் மதுரையிலோ பாட்னாவிலோ ஒரு வீட்டின் கதையை அந்த ஊர்க்காரரே கேமாக எழுத நினைத்தால் அவருக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வெண்பாவின் பிற்பகுதியில் சமைக்கும் முறை மகன் கவினுக்கு வருகிறது. அவன் கனடாவில் வளர்ந்தவன். பாட்டியின் நோட்டு தமிழில் இருக்கிறது, அவனோ எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததை ஊகித்து, ஒரு முறை தவறி, மறுமுறை தேறுகிறான். விளையாடுபவரின் விரலும் அவனோடு சேர்ந்து தடுமாறுகிறது. அடுப்பில் ஏதோ வேகும் வாசனை திரையைத் தாண்டி வருவதுபோல் ஒரு பிரமை. தால்சிம் நெருப்பு உமிழ்ந்த நாளிலிருந்து இந்த அடுப்பு பற்றவைக்கப்படும் வரை 32 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.